புலிக்கு வரியா, புள்ளியா?

அக்டோபர் 31 ஹாலோவீன். நவம்பர் 1 கேரளப் பிறவி நாள். இரண்டுக்கும் இடையே ஓர் இரவின் தொலைவுதான். உலகின் ஒரு பகுதி பேயாகவும் சூனியக்காரியாகவும் வேடமிட்டுத் திரிந்து ஓய்ந்த மறுநாட்காலையில், எங்கள் மலைப்பள்ளிகளில் குழந்தைகள் கசவுக்கரை வெள்ளாடை உடுத்தி வரிசையில் நிற்பார்கள். 1956ஆம் ஆண்டு அந்நாளில்தான் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. மலபார் மாவட்டத்தோடு பாலக்காடு கேரளத்துக்குள் வந்தது. அந்த அரசியல் வரலாற்றை இங்கு விரிக்கப்போவதில்லை. இவ்வாண்டு அவ்விரு நாட்களும் எங்கள் லயத்தில் ஆறு கிலோ எடையுள்ள ஒரு நாயின் முதுகில் வந்து சந்தித்துக்கொண்டன. இப்பதிவு அதைப் பற்றியது. சற்று நீளமானது, மொழியியல் மாணவர்களுக்கு ஓரளவும், ஊசிநூல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அதைவிட மிகுதியாகவும் பயன்படலாம்.

என் அக்கா மகள் மூணாறுப் பக்கத்து எஸ்டேட் லயமொன்றில் வளர்கிறாள். எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. இரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவளை இந்த ஜூனில் மலையாளவழிக்கு மாற்றினார்கள். காரணங்கள் எல்லைப்பகுதி வீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை: மேல்வகுப்பு, வேலைத்தேர்வு, அலுவலகத்தில் நீட்ட வேண்டிய விண்ணப்பம். பள்ளியின் கேரளப் பிறவி விழாவில் ஒவ்வொரு குழந்தையும் காட்டுவிலங்கு ஒன்றைப் பற்றி மலையாளத்தில் ஐந்து வாக்கியம் பேச வேண்டும்; வேடமிட்டு வந்தால் சிறப்பு என்று அறிவிப்பு வந்தது. அவளுக்குக் கொடுக்கப்பட்டது புலி.

தான் வேடமிடமாட்டேன் என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். மேடையில் பேசுவதே போதுமான அச்சம்; அதற்குமேல் முகத்தில் சாயம் வேண்டாம் என்பது அவள் வாதம். அயல்நாட்டு நாய்கள் ஹாலோவீனுக்குப் பூசணிக்காயாகவும் தேனீயாகவும் உடுத்திக்கொண்டு தெருவில் நடக்கும் காணொளிகளை அவள் கைப்பேசியில் பார்த்திருக்கிறாள். "சித்தி, பேசுறது நான். புலியா வர்றது டைகர்," என்றாள். டைகர் என்பது வீட்டுநாயின் பெயர். இதைக் கதைக்காக நான் வைக்கவில்லை; எங்கள் மலையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அது ஒரு டைகர்மீதோ மணிமீதோதான் விழும். பொமரேனியன் கலந்த நாட்டுநாய். வெளுத்த பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். கயிறு கட்டி அழைத்து வரலாம் என்று பள்ளியிலும் ஒப்புக்கொண்டார்கள்.

இனித்தான் சிக்கல். தமிழில் புலி என்றால் உடலில் வரியோடும் பெருவிலங்கு. புள்ளியுடையது சிறுத்தை. மலையாளத்தில் வரியுடையது கடுவா. புலி என்று தனியே சொன்னால் பெரும்பாலும் புள்ளியுடைய விலங்கே. ஐயம் வந்தால் புள்ளிப்புலி என்று விரித்துச் சொல்வார்கள். கன்னடத்தில் ஹுலி வரியுடையதுதான். தெலுங்கில் புலியும் அப்படியே, சிறுத்தையை அங்கே சிறுதபுலி என்பார்கள். ஆக, தென்மொழிகள் நான்கில் மலையாளம் ஒன்றே இச்சொல்லை இன்னொரு விலங்கின்மேல் நகர்த்தி வைத்திருக்கிறது. பழந்தமிழில் புலிக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று கொடுவரி. வளைந்த கோடுகளை உடையது என்று பொருள். வரியே அதன் அடையாளம் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. சிறுத்தை என்ற பெயரோ சிறுமையடியாகப் பிறந்தது என்றுதான் பலரும் கொள்வர். ஆறு கிலோ நாய்க்குப் பொருந்தும் பெயர் எது என்று கேட்டால் நான் சொல்லவேண்டியதில்லை.

மலையாளத்திலும் பழைய பொருள் முற்றாக மறையவில்லை. ஐயப்பன் கதையில் தாயின் தலைவலிக்கு மருந்தாக மணிகண்டன் கொண்டுவரச் சென்றது புலிப்பால். அவன் ஏறிவரும் விலங்கைப் படங்களில் பாருங்கள், கருங்கோடுகள் தெளிவாக இருக்கும். திருச்சூரில் நாலாம் ஓணத்தன்று புலிகளிக்கு இறங்கும் ஆட்டக்காரர்களில் வரையன்புலியும் உண்டு, புள்ளிப்புலியும் உண்டு. பருத்த வயிற்றில் புலிமுகம் தீட்டிக்கொண்டு அவர்கள் குலுங்கி வரும்போது, எது கடுவா எது புலி என்று ஒருவரும் வழக்காடுவதில்லை. வேடத்தில் இரண்டும் புலி. கட்டுரைநோட்டில்தான் பிரச்சினை வருகிறது.

ஜூலையில் அது வந்தது. விலங்குகளை வரைந்து பெயர் எழுதச் சொன்னபோது இவள் மஞ்சள் உடலில் கருப்புக் கோடுகளிட்டு, அடியில் மலையாள எழுத்தில் புலி என்று எழுதியிருக்கிறாள். எழுத்துப்பிழை ஏதுமில்லை. சிவப்பு மையில் சுழித்து, மேலே 'கடுவா' என்று திருத்தம் வந்தது. மலையாளத்தை அளவுகோலாகக் கொண்டால் திருத்தம் சரியானதே. திருத்தியவர்மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் குழந்தை அதைச் சொல்திருத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. தனக்குத் தெரிந்த விலங்கே இல்லாமல் போய்விட்டதாக எடுத்துக்கொண்டாள். "அப்ப அம்மாச்சி சொன்னது பொய்யா?" என்று இரவு தொலைபேசியில் கேட்டாள். அவள் அம்மாச்சி என்பது என் தாய். எங்கள் வீட்டில் புலிக்கதைகளின் உரிமை அவரிடம் இருக்கிறது. முப்பத்தாறு ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர், விடியற்காலை மூடுபனியில் தேயிலைத் தூர்களுக்கிடையே வரியுடைய முதுகொன்று கடந்துபோனதைத் தம் கண்ணால் கண்டவர்.

இந்தச் சொல் விளையாட்டுச் செய்தியன்று என்பதற்கு வீட்டில் வேறொரு சான்றும் இருக்கிறது. பிப்ரவரியில் எங்கள் பசு ஒன்றை வனவிலங்கு அடித்துவிட்டது. எஸ்டேட் வாழ்வில் பசு என்பது சம்பளத்துக்கு வெளியே வரும் ஒரே வருமானம். பிள்ளைகளின் கட்டணமும் மருந்துச் செலவும் அதில்தான். மூணாறு வட்டாரத்தில் மாடு இழப்பது அரிய நிகழ்ச்சியன்று. 2022 அக்டோபரில் நயமக்காடு எஸ்டேட்டில் அடுத்தடுத்து மாடுகளைக் கொன்ற கடுவா கூண்டில் சிக்கியது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு ஒரு கண்ணில் புரை இருந்தது, பிறகு பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். எங்கள் பசுவுக்கான இழப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பியவரிடம் மாமா (அக்காவின் கணவர்) "புலி அடிச்சிருச்சு" என்றார். அவரும் கேட்டதைக் கேட்டபடியே மலையாளத்தில் எழுதினார். ஆய்வுக்கு வந்தவர்கள் காலடித்தடத்தையும் கடிவாயையும் பார்த்துக் கடுவா என்று குறித்துப் போனார்கள். எந்த விலங்கு கொன்றாலும் இழப்பீடு உண்டுதான். ஆனால் இரண்டு தாள்களும் ஒரே விலங்கைச் சொல்ல வேண்டுமாம். கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மாமா உண்மையைத்தான் சொன்னார். எழுதியவரும் உண்மையாகத்தான் எழுதினார். ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள இத்தகைய சொற்களை வகுப்பறையில் போலிநண்பர்கள் என்று கற்பிக்கிறோம். நண்பன் போலி என்பது ஒரு பசுவின் விலையில் தெரிவதை அந்தப் பாடநூல்கள் சொல்வதில்லை.

ஆகவே நாய்க்குப் புலியுடை தைக்க உட்கார்ந்தபோது வரியா புள்ளியா என்ற கேள்வி எங்கள் வீட்டில் அலங்காரக் கேள்வியாக இல்லை. அம்மாவுக்கு ஐயமே கிடையாது. "புலின்னா வரி இருக்கணும்த்தா. புள்ளி வச்சா அது என்ன, பூனைக்குப் பொறந்ததா?" குழந்தைக்குச் சிவப்பு மையின் நினைவு. "புள்ளி வைக்கலைன்னா டீச்சர் கடுவான்னு சொல்லிருவாங்க அம்மாச்சி." அக்கா இருவரையும் பார்த்துவிட்டு, "நாய்க்குக் குளிர் தாங்குற மாதிரி ஏதாச்சும் தைங்க, அது போதும்," என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். உண்மையில் அவள் சொன்னதே அறிவுள்ள பேச்சு. ஜனவரியில் சில எஸ்டேட்டுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிப் புல்மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும்.

தைத்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நாய்க்கு மூன்று அளவுகள் போதும்: கழுத்துச்சுற்று, முன்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பின் அகன்ற இடத்துச் சுற்று, கழுத்தின் அடியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை முதுகின் நீளம். டைகருக்கு முறையே 28, 42, 36 சென்டிமீட்டர். சிறுநாய்க்குத் துணி வெட்டித் தைக்கவே வேண்டியதில்லை; ஆள் போடும் பழைய ஸ்வெட்டரின் ஒரு கை போதும். மணிக்கட்டுப் பக்கம் கழுத்தாகும், தோள்பக்கம் இடுப்பாகும், முன்கால்களுக்கு இரண்டு துளை. காலமான அப்பாவின் வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று பெட்டியில் இருந்தது. அதை வெட்டலாமா என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருக்க, அம்மா கத்தரியை எடுத்து இடதுகையைத் தோளோடு அறுத்துவிட்டார். வலதுகை அடுத்த ஆண்டுக்காம்.

வெட்டிய விளிம்பில் பின்னல் பிரியாமல் உடனே மடித்துத் தைத்துவிட வேண்டும். ஆண்நாயாக இருந்தால் வயிற்றுப்பக்கத்தை நன்றாக உள்வாங்கி வெட்டுவது அவசியம். இல்லையேல் முதல் கம்பத்தருகிலேயே உடை நனைந்துவிடும். பொத்தான், மணி, ஜிகினா எதுவும் கூடாது. நாய் கடித்து விழுங்கும். ஒட்டுப்பசையும் கூடாது, நக்கும். வால் வெளியே இருக்க வேண்டும், காது மூடப்படக் கூடாது. காதும் வாலும் கண்ணும்தான் அதன் பேச்சுறுப்புகள். அவற்றை மூடிவிட்டு, நாய் பேசாமல் ஒத்துழைத்தது என்று மகிழ்வதில் பொருளில்லை. உதட்டை நக்குவது, காரணமின்றிக் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, வாலை இடுக்குவது, அசையாமல் விறைத்து நிற்பது, இவையெல்லாம் 'போதும், கழற்று' என்பதற்கு நாய்மொழி. இணையத்தில் சிரிப்பூட்டும் காணொளிகளில் பாதியை இந்த அகராதியோடு மறுபடி பார்த்தால் சிரிப்பு வராது.

நிறத்துக்கு மஞ்சள். படிகாரம் கலந்த வெந்நீரில் கம்பளியை ஊறவைத்து, பிறகு மஞ்சள்தூள் கொதித்த நீரில் முக்கினால் நல்ல பிடிப்பு. புலிக்குச் செம்மை வேண்டும் என்று அம்மா வெற்றிலைப்பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டார். ஆலத்திநீர்போல் குப்பென்று சிவந்தது. நான்கு தண்ணீர் அலசியதும் மறுபடி மஞ்சளே வந்துவிட்டது; காரம் போனால் மஞ்சளின் சிவப்பும் போகும் என்பது வேதியியல். அலசாமல் விட்டால் நாயின் தோலுக்கு ஆகாது. ஆகவே எங்கள் புலி இளமஞ்சள்.

சாயத்தை நாயின்மேலேயே தீட்டிவிட்டால் என்ன என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். 2019இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஓர் உழவர் குரங்குகளை விரட்டத் தம் நாய்க்குத் தலைச்சாயத்தால் புலிவரி போட்ட செய்தியை அவன் எங்கோ பார்த்திருக்கிறான். அவருடைய தோட்டத்தின் நிலைமை அவருக்குத் தெரியும். ஆனால் தலைச்சாயங்கள் பலவற்றில் உள்ள வேதிப்பொருள் மனிதத் தோலிலேயே கொப்புளம் எழுப்பக்கூடியது. தன்னைத் தானே நக்கித் துப்புரவு செய்யும் விலங்கின்மேல் அதைப் பூசுவதை நான் ஏற்கவில்லை.

துணியின் பெயரைக் கேட்டபோது என் குறிப்பேடு திறந்தது. ஆய்வாளரை வைத்துக்கொண்டு எந்த வேலையும் சட்டென்று முடியாது. பனிக்கும் மழைக்கும் தலையோடு சேர்த்து மடித்துப் போட்டுக்கொள்ளும் கம்பளியையோ சாக்கையோ எங்கள் லயத்தில் கொங்காணி என்பார்கள். பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கள ஆய்வுக்குப் போனபோது அதையே கொங்காடை என்று கேட்டேன். நாய்க்குத் தைத்ததை அம்மா கொங்காணி என்றார். அக்கா ஸ்வெட்டர் என்றாள். குழந்தை குப்பாயம் என்றாள். பள்ளியில் கற்ற மலையாளச் சொல். அம்மாவுக்கு அது வேற்றுச்சொல்லாகப் பட்டது. ஆனால் குப்பாயம் தமிழுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் மிலேச்சன் ஒருவன் குப்பாயம் அணிந்து வருகிறான். அதற்கும் முந்தைய முல்லைப்பாட்டில் பாசறைக் காவலிருக்கும் யவனர் மெய்ப்பை அணிந்திருக்கிறார்கள். தைத்த மேலாடை பழந்தமிழ்ப் புலவர்களின் கண்ணுக்கு அயலார் உடை. நாங்கள் அதை ஒரு நாய்க்கு மாட்டப் பார்த்தோம்.

வரிக்கான கருப்புத் துணி, கேரளத்தில் எந்த வீட்டிலும் குறைவின்றிக் கிடைப்பது: கிழிந்த குடை. நைலான் துணி இலேசானது, நனையாது, வெட்டினால் நெருப்பில் விளிம்பைக் காட்டி அடைத்துவிடலாம். அம்மா முதுகெலும்பிலிருந்து வயிற்றை நோக்கி இறங்கும் பட்டைகளாக வெட்டினார். ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒழுங்காக வெட்டலாமே என்றேன். "எந்தப் புலிக்கு ஒழுங்கா இருக்கு?" என்றார். காட்டில் தானியங்கிக் கேமராவில் பதியும் புலிகளை ஆய்வாளர்கள் இனங்காண்பது விலாவின் வரிகளை வைத்துத்தான். இரு புலிகளுக்கு ஒரே வரியமைப்பு இருப்பதில்லை. அம்மாவிடம் கேமரா இருந்ததில்லை.

ஒரு விலாவுக்கு வரி தைத்து முடித்த நிலையில் குழந்தை தீர்ப்புச் சொன்னாள்: "இந்தப் பக்கம் வரி. அந்தப் பக்கம் புள்ளி." அம்மா ஊசியை வைத்துவிட்டார். புள்ளியைத் தாம் தைப்பதில்லை என்று எழுந்து போனார். தம் பேச்சில் அவர் உறுதியானவர். ஆகையால் வலப்பக்கம் என் பங்காயிற்று. சிறுத்தையின் புள்ளி உண்மையில் பொட்டு அன்று. அங்கங்கே உடைந்த கருவளையம், உள்ளே சற்று அடர்ந்த மஞ்சள். கருப்புக் கம்பளிநூலில் சங்கிலித் தையலால் உடைந்த வளையங்களைப் போட்டேன். இரண்டு இரவுகள் பிடித்தன. அத்தியாயம் ஒன்றின் திருத்தம் அதே இரவுகளில் முடிந்திருக்க வேண்டும் என்பதை என் நெறியாளர் இதைப் படித்துத்தான் அறிவார்.

நாய்க்கு உடை பழக்க மூன்று நாள். முதல்நாள் அதைப் படுக்கையில் போட்டு முகரவிட்டோம். மறுநாள் தலையை மட்டும் நுழைத்துக் கருவாட்டுத் துண்டு. மூன்றாம் நாள் முழுதும் மாட்டி, முற்றத்தில் ஒரு சுற்று. அப்பாவின் ஸ்வெட்டர் என்பதாலோ, கருவாட்டினாலோ, டைகர் அதைக் கழற்றவே விடவில்லை.

மூன்றாம் நாள் அக்டோபர் 31. ஹாலோவீன் என்றதும் அமெரிக்கப் பழக்கம் என்றே இங்கு எண்ணுகிறோம். அனைத்துப் புனிதர் நாளுக்கு முந்திய மாலை அது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேரூன்றியது. ஸ்காட்லாந்தில் குழந்தைகள் வேடமிட்டு வீடுவீடாகச் செல்வதைக் கைசிங் என்பார்கள்; வேடம் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்தது. விளக்குக்கு அங்கே பூசணியன்று, டர்னிப் கிழங்கு. எங்கள் மலைகளைத் தேயிலையாக்கிய கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி 1897இல் உருவானது. அதன் பின்னிருந்தது கிளாஸ்கோவின் ஜேம்ஸ் பின்லே. நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் 1990களின் தொடக்கத்திலிருந்து ஹாலோவீனுக்கு நாய்களின் வேட ஊர்வலம் நடக்கிறது. லயத்தின் கத்தோலிக்க வீடுகளுக்கு இந்த வாரத்தில் முக்கியமானது அதுவன்று, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். மெழுகுவத்திக் கட்டுகள் ஏற்கெனவே வாங்கி வைக்கப்பட்டிருந்தன.

வேடம் என்றால் நமக்குக் குலசேகரன்பட்டினத்துத் தசரா நினைவுக்கு வரும். அங்கே குரங்கும் கரடியும் காளியும் நேர்ச்சையாக எடுக்கும் வேடங்கள். நாய்க்கு மட்டும் நம் மரபில் வேடம் கிடையாது. அது பைரவரோடு நிற்கும்போதும் நாயாகவே நிற்கிறது. மாட்டுக்கொம்புக்கு வண்ணம் தீட்டுவோம், யானைக்கு நெற்றிப்பட்டம் கட்டுவோம். நாயை வைவதற்குப் பயன்படுத்துவோம். ஆனால் நாயும் புலியும் நெருங்கி நிற்கும் ஓரிடம் இலக்கணத்தில் உண்டு. தொல்காப்பிய மரபியல் இளமைப்பெயர்களை வகுக்கும்போது நாய், பன்றி, புலி, முயல் நான்கின் குட்டிகளுக்கும் குருளை என்ற ஒரே பெயரைத் தருகிறது. குழந்தையிடம் இதைச் சொன்னேன். "அப்ப டைகர் குட்டியா இருந்தப்ப புலிக்குட்டிதானா?" என்றாள். அப்படியன்று என்று விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

அந்த மாலை லயத்தின் பின்புறத்துப் பீன்ஸ் பாத்திக்கு இரண்டு குரங்குகள் வந்தன. நாட்டுக்குரங்கு சிறுத்தையின் புள்ளியை அறியும் என்பது ஆய்வில் கண்ட உண்மை. ரிச்சர்ட் காசும் உமா ராமகிருஷ்ணனும் தென்னிந்தியக் காட்டில் சிறுத்தை உருவங்களைக் காட்டிச் செய்த ஆய்வு 2000இல் பிஹேவியர் இதழில் வந்தது. கருஞ்சிறுத்தை உருவத்தைவிடப் புள்ளியுள்ள மஞ்சள் உருவத்தைக் கண்டே அவை அதிகம் கலங்கின. எனவே புள்ளிப்பக்கம் குரங்குகளுக்குத் தெரியும்படி டைகரை நிறுத்த நாங்கள் முயன்றோம். டைகர் குரைத்தது. குரங்குகள் தகரக் கூரையில் தாவிப் போயின. எப்போதும் அப்படித்தான் போகும். புள்ளியைக் கண்டு போயினவா, குரைப்பைக் கேட்டா என்று பிரிக்க நம்மிடம் ஒப்பீட்டுக் குழு இல்லை. அம்மா வாசலில் நின்று, "வரியப் பாத்துத்தான் ஓடுச்சு," என்றார்.

நாய்க்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்கள்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள். எட்டாம் நாள், மீட்புக் குழுவினர் தேடிக் காணாத வீட்டுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது அவ்வீட்டு நாய் குவி. லயத்தில் நாய் என்பது காவல், துணை, சில வேளை கடைசிச் சாட்சி. அதன்பின் எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் நாயை யாரும் வெளியே கட்டிப்போடுவதில்லை.

விழாவில் இவளுக்கு ஏழாவது முறை. முந்தியவர்கள் யானையும் மலையணிலும் மானும் பேசிப் போனார்கள். டைகரைக் கயிற்றில் பிடித்தபடி ஏறினாள். புள்ளிப்பக்கம் அவையை நோக்கி இருந்தது. மலையாளத்தில் தொடங்கினாள்: இது புலி, காட்டில் வாழும், இரவில் வேட்டையாடும், மரம் ஏறும். நான்கு வாக்கியம் தடங்கலின்றி வந்தது. பிறகு நாயைத் திருப்பினாள். டைகர் திரும்ப மறுத்து அவையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. இரு பக்கமும் தெரியவில்லை. சிரிப்பு எழுந்தது. அவள் அசையவில்லை, மண்டியிட்டு நாயை அப்படியே தூக்கி மறுபக்கத்தைக் காட்டினாள். "இது கடுவா," என்றாள் மலையாளத்தில். அதுவே ஐந்தாம் வாக்கியம். ஆனால் இறங்கவில்லை. "எங்க அம்மாச்சிக்கு இதுதான் புலி," என்று தமிழில் சொல்லிவிட்டு இறங்கினாள்.

முன்வரிசையில் இருந்த ஆசிரியை ஒருவர், நாய்க்கு என்ன பெயர் என்று மலையாளத்தில் கேட்டார். சொன்னதும் அவையில் எழுந்த ஆரவாரத்தில் டைகர் பயந்து வாலை இடுக்கிற்று. உடனே வெளியே கொண்டுவந்து உடையைக் கழற்றினோம். பரிசு யானைக்குப் போனது. யானை உண்மையிலேயே நன்றாக இருந்தது. செய்தித்தாள் கூழில் தும்பிக்கை செய்திருந்தார்கள்.

பாலக்காட்டுக் கள ஆய்வில் நான் பயன்படுத்தும் பட அட்டைகள் இரண்டு உண்டு: ஒன்றில் வரி, ஒன்றில் புள்ளி, வேறெதுவும் இல்லை. பெயர் சொல்லுங்கள் என்று நீட்டுவேன். கொழிஞ்சாம்பாறைத் தேநீர்க்கடையில் ஒரு பெரியவர் இரண்டையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எந்தப் பாசையில கேக்கறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க, அப்பறம் சொல்றனுங்க," என்றார். இதைவிடத் துல்லியமான விடை எனக்கு இதுவரை கிட்டவில்லை.

விழா முடிந்த வாரத்தில் மாமா அந்த அட்டைகளைக் கேட்டார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இழப்பீட்டுக் கோப்பு கிடக்கும் அலுவலகத்துக்குப் போனார். மேசைமேல் இரண்டையும் வைத்து, "எங்க பசுவ அடிச்சது இது, சார். நான் புலின்னு சொன்னது இதத்தான்," என்று வரியட்டையைத் தொட்டுக் காட்டினாராம். அங்கிருந்தவர் சற்றுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்து, முதல் விண்ணப்பத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தொகை இன்னும் வரவில்லை. கோப்பு அடுத்த மேசைக்குப் போயிருக்கிறது. அட்டைகளையும் அதோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொண்டார்களாம். மார்கழியில் சித்தூருக்குக் கிளம்புமுன் எனக்குப் புதிதாக இரண்டு அச்சிட வேண்டும்.